எரிகிற விளக்கு எதற்குச் சான்று?

வீட்டு வயரிங் வேலையைத் தாமே செய்து முடித்தவர் ஒருவரிடம், "வேலை சரியாக முடிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். "சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது" என்பதுதான் பெரும்பாலும் விடையாக வரும். அவ்விடையில் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையும் அன்று. விளக்கு எரிந்தது என்றால் மின்னோட்டம் வந்து திரும்புகிறது என்பது மட்டுமே பொருள். ஏதேனும் ஒன்று பழுதுபடும் நாளில் அந்த மின்னோட்டம் உடனே நின்றுவிடுமா என்பதைப் பற்றி விளக்கு ஒன்றுமே சொல்வதில்லை.

வீட்டு மின்வேலையைச் சொந்தக் கையால் செய்வது சரியா, தவறா என்னும் வாதம் பழையது. ஒரு சாரார் அதை அறிவியல் ஆர்வம் என்பர். மறு சாரார் சட்ட மீறல் என்பர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆர்வலர் கற்றுக்கொண்ட பாடம் எத்தகையது என்பதே அது. அவருக்கு நாம் தந்த ஆசிரியர்கள் மூவர்: பள்ளிப் பாடநூலின் படம், 'நாமே செய்யலாம்' வகைக் கையேடு (இன்று அதன் இடத்தில் கைப்பேசிக் காணொளி), மின்பொருள் கடைக்காரரின் வாய்மொழி. இம்மூன்றையும் எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலூரில் ஒரு வீடு

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். நாவலூரை எடுத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையில், இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊர் இது. சிறுசேரியில் தொழிற்பூங்கா வந்த பின் வயல்கள் மனைகளாயின. மனைகளில் அடுக்ககங்கள் எழுந்தன. ஆனால் அவற்றின் இடையே பழைய கிராமத்து வீடுகளும் நிற்கின்றன. அந்த வீடுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி என்று போடப்பட்ட வயரிங். பிறகு மாடியில் ஓர் அறை எழுந்தது. அதை வாடகைக்கு விட்டனர். குளிர்பதனப் பெட்டி வந்தது, சலவை இயந்திரம் வந்தது, வெந்நீர்க் கொதிகலன் வந்தது, இன்வெர்ட்டர் வந்தது. இப்போது வாசலில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றும் இரவு முழுதும் மின்னேற்றம் பெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் பழைய பெட்டியிலிருந்து ஒரு கம்பி இழுக்கப்பட்டது. இழுத்தவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே.

இந்த ஊருக்கு இன்னொரு தன்மையும் உண்டு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கு அப்பால் கடல். சற்றுத் தெற்கே கேளம்பாக்கம், தையூர்ப் பகுதி உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. உப்புக் காற்றும் ஈரமும் சுவிட்சுப் பெட்டியின் திருகாணிகளை அரிக்கின்றன. நிலத்தில் புதைத்த இரும்புக் குழாயையும் அரிக்கின்றன. மழைக்காலத்தில் தரைத்தளம் நனைகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் தொடங்கித் தென்சென்னைப் புறநகர்கள் பலவற்றில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்தக் கை வயரிங்கைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடுமையான பரீட்சைக்கூடம் வேண்டியதில்லை.

முதல் ஆசிரியர்: பாடநூலின் படம்

வீட்டு மின்சுற்றைப் பள்ளியில் ஒரு படத்தின் வழியே கற்கிறோம். சிவப்பு நிறத்தில் பேஸ், கறுப்பு நிறத்தில் நியூட்ரல், பச்சை நிறத்தில் எர்த். விளக்குகள் ஒன்றுக்கொன்று இணையாக இணைக்கப்பட்டிருக்கும். சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்கும். படத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் உள்ள கோடுகளுக்குத் தடிமன் இல்லை, நீளம் இல்லை, இணைப்புகள் இல்லை. உண்மை வீட்டில் தீ பிடிப்பதோ இணைப்பில்தான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2,000 வாட் கொதிகலன் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வழியில் ஓரிடத்தில் இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி நாடா சுற்றியிருக்கிறோம். உப்புக் காற்றில் பாசி பிடித்து அவ்விணைப்பின் மின்தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சுமார் 38 வாட் வெப்பம். சால்டரிங் அயர்ன் பல 25 வாட்தான்! அதைவிடச் சூடான ஒன்று சுவருக்குள், பிளாஸ்டிக் குழாய்க்குள், நாடாவின் அடியில் எரிந்துகொண்டிருக்கிறது. இதனால் குறையும் மின்னழுத்தம் 4.4 வோல்ட் மட்டுமே. வெந்நீர் வழக்கம்போல் சுடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் அசையாது; அதைப் பொறுத்தவரை 8.7 ஆம்பியர் என்பது ஒழுங்கான மின்னோட்டமே.

மாணவன் இந்தச் சூத்திரத்தைப் படித்திருக்கிறான். மின்வெப்ப அடுப்பின் கணக்கைப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். அதே சூத்திரம் தன் வீட்டுச் சுவரில் வேலை செய்கிறது என்பதைத்தான் படம் அவனுக்குக் காட்டவில்லை. மின்சுற்று இயங்குவதைக் கற்பிக்கும் நாம், அது பழுதுபடும் விதத்தையும் அதே பக்கத்தில் கற்பிக்க வேண்டும்.

இரண்டாம் ஆசிரியர்: கையேடு

கையேடுகளும் காணொளிகளும் செய்முறையைச் சொல்வதில் வல்லவை. எந்தக் கம்பியை எந்தத் திருகில் சொருகுவது என்பதைப் படிப்படியாகக் காட்டுகின்றன. சோதனை என்று வரும்போது இரண்டே கருவிகளை நம்புகின்றன: ஒன்று டெஸ்டர், மற்றொன்று டெஸ்ட் லேம்ப்.

டெஸ்டரின் நியான் குமிழ் எரிய மிகச் சிறிய மின்னோட்டமே போதும். அது நம் உடல் வழியே செல்கிறது. குமிழ் எரிந்தால் அங்கே மின்னழுத்தம் உண்டு என்று அறியலாம். எரியாவிட்டால் 'இல்லை' என்று அறிய முடியாது. வெயில் வெளிச்சத்தில் குமிழின் ஒளி தெரியாமல் போகலாம், நாம் உலர்ந்த மரப்பலகை மேல் நிற்கலாம், குமிழே பழுதாகியிருக்கலாம். 'எரியவில்லை, தொடலாம்' என்னும் முடிவு அறிவியல் முடிவு அன்று.

டெஸ்ட் லேம்ப்பின் கதை இன்னும் நுட்பமானது. எர்த் நன்றாக உள்ளதா என்று பார்க்க, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பிடிப்பார்கள். பிரகாசமாக எரிந்தால் 'எர்த் முதல்தரம்' என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் மின்தடை சுமார் 529 ஓம். எர்த்தின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தொடராகச் சேர்ந்து 579 ஓம். மின்னோட்டம் 0.4 ஆம்பியர், பல்பு பெறும் திறன் சுமார் 83 வாட். பிரகாசமாகத்தான் எரியும்! ஆனால் அதே 50 ஓம் எர்த்தில் நேரடிப் பழுது ஏற்பட்டால் ஓடக்கூடிய மின்னோட்டம் 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர். அது 5 ஆம்பியர் பியூஸைக்கூட உருக்காது. 'முதல்தரம்' என்று பல்பு சான்றளித்த எர்த், பழுது நேரத்தில் பயனற்றது.

கையேடு சொல்லித்தரும் சோதனை, தவறான விடையைத் தெளிவாகச் சொல்லும் சோதனையாக இருக்கிறது. சோதிக்காமல் விட்டவர் ஐயத்தோடாவது இருப்பார். இவரோ ஐயம் தீர்ந்து உறங்கப் போகிறார்.

மூன்றாம் ஆசிரியர்: கடை வாய்மொழி

"எர்த் இல்லையா? நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பி போட்டு எர்த் ஓட்டையில் கொடுத்துவிடுங்கள். எல்லாம் ஒன்றுதான்." இவ்வறிவுரையைக் கேளாதவர் குறைவு. இதை எழுதுபவனும் மாணவப் பருவத்தில் கேட்டு, அப்படியே செய்து, பெருமைப்பட்டவன்தான். மின்மாற்றியில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று படித்திருந்ததால் அந்தத் தர்க்கம் மிகச் சரியாகவே பட்டது.

அது எங்கே பிழைபடுகிறது? நியூட்ரல் கம்பி வீட்டுக்கும் கம்பத்துக்கும் இடையே எங்கேனும் அறுந்துபோனால், விளக்கின் வழியே வந்த மின்னோட்டம் திரும்பிப் போக வழியின்றி நிற்கும். வீட்டின் நியூட்ரல் கம்பி முழுவதும் பேஸின் மின்னழுத்தத்தைப் பெற்றுவிடும். அந்தத் துண்டுக் கம்பியின் வழியே குளிர்பதனப் பெட்டியின் இரும்பு உடலும் 230 வோல்ட்டுக்கு உயரும். இயந்திரத்தில் பழுதே இல்லை. சுவிட்சும் சரியாக உள்ளது. ஆனால் தொட்டவர் விழுவார். காற்றிலும் மழையிலும் கம்பி அறுவது நம் ஊரில் அரிய செயலா? என் சாக்கெட்டில் அது நேரவில்லை என்றால், அதற்குக் காரணம் என் அறிவு அன்று; அவ்வளவு காலம் கம்பி அறவில்லை என்பதே.

இதற்கு அடுத்தது, தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுக்கும் வழக்கம். வீடெங்கும் இரும்புக் குழாய் ஓடி நிலத்துக்குள் இறங்கிய நாளில் அதற்கு ஏதோ பொருள் இருந்தது. இன்று குழாய்கள் பிளாஸ்டிக். வாயில் மட்டும் பித்தளைக் குழாய்முகம் இருக்கும். அதில் கட்டிய எர்த் கம்பி நிலத்தைத் தொடுவதில்லை. குளிப்பவரின் கையைத்தான் தொடுகிறது.

நல்ல எர்த் இருந்தால் போதுமா?

'அப்படியானால் முறைப்படி குழாய் புதைத்து எர்த் போட்டால் தீர்ந்தது' என்று வாசகர் நினைக்கலாம். இந்திய நிர்ணயம் ஐ.எஸ். 3043 கூறுகிறபடி, குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயைப் புதைத்தோம் என்றே கொள்வோம். சில ஆண்டுகளில் உப்பு அரிப்பு. கோடையில் மேல்மணல் காய்ந்துபோகிறது. வீட்டு எர்த்தின் மின்தடை 15 ஓம், மின்மாற்றியின் பக்கத்து எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சலவை இயந்திரத்துக்குள் பேஸ் கம்பி நைந்து உடலைத் தொடுகிறது. மொத்தம் 20 ஓம்; பழுது மின்னோட்டம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைப் பழுதாகவே எண்ணாது. இயந்திரத்தின் உடலில் நிற்கும் மின்னழுத்தமோ சுமார் 172 வோல்ட்!

ஈரக் கையும் ஈரத் தரையுமாக உள்ள மனித உடலின் மின்தடை ஓராயிரம் ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். அப்போது உடல் வழியே 170 மில்லிஆம்பியர் பாயும். சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாமல் போகும். அதன் பல மடங்கு, நெஞ்சின் வழியே சென்றால் இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கும். பியூஸும் எம்.சி.பி.யும் ஆம்பியர் கணக்கில் எண்ணுபவை. உயிரோ மில்லிஆம்பியர் கணக்கில் போகிறது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. மேற்கண்ட 170 மில்லிஆம்பியர் அளவுக்கு 0.04 நொடிக்குள் அது துண்டிக்க வேண்டும் என்பது நிர்ணயம். அதற்கும் எல்லை உண்டு. தரையோடு தொடர்பின்றி நின்று ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை அது காக்காது. அவரையும் ஒரு விளக்காகவே அது எண்ணும்.

இங்கும் ஆர்வலரின் பழக்கம் குறுக்கே வருகிறது. இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலையும் மெயின் சுற்றின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் கணக்கு சமப்படாது, ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். "சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது" என்று அதை நீக்கி நேரடி இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்ன காவலனுக்குப் பணிநீக்கம்!

சட்டம் இட்ட கோடு

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி இதில் தெளிவாகவே பேசியது. விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை மாற்றுவது போன்ற, அமைப்பின் திறனையும் தன்மையையும் எவ்வகையிலும் மாற்றாத வேலைகளை எவரும் செய்யலாம். மற்ற வேலைகளை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று உடையவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் அவ்விதிகளின் இடத்துக்கு வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. கோடு மட்டும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் உள்ளது.

கோடு நல்ல கோடு. 'திறன், தன்மை' என்னும் இரு சொற்களில் அறிவியல் அடங்கியிருக்கிறது. ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஆர்வலரிடம் சட்டம் ஒப்படைத்த வேலைகளில் ஒன்று பியூஸ் போடுவது. அதுவே வீடு முழுவதற்கும் காவலாக நிற்கும் பொருள். செம்புக் கம்பியின் விட்டம் இருமடங்கானால் அதை உருக்கத் தேவையான மின்னோட்டம் இருமடங்கு அன்று, ஏறத்தாழ 2.8 மடங்கு. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் பிரீஸ் கண்டறிந்த தொடர்பு இது. 0.2 மி.மீ. இழை உருக 7 ஆம்பியர் போதும். ஒயரிலிருந்து உருவிய 0.3 மி.மீ. இழைக்கு 13 ஆம்பியர் வேண்டும். அவ்விழையில் மூன்றை முறுக்கிப் போட்டால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிதான் பியூஸாக மாறும். இதைக் கற்பிக்காமல் இந்த உரிமையைத் தந்தது பொருத்தமன்று.

இரண்டாவது, சட்டம் ஆளைக் கேட்கிறது. அளவைக் கேட்பதைப் பொதுமக்கள் பார்ப்பதில்லை. புது இணைப்பு பெற உரிமம் பெற்றவரின் சோதனை அறிக்கை வேண்டும். அவ்வறிக்கையில் உள்ள எண்களை வீட்டுக்காரர் படிப்பதுண்டா? கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அதன்பின் இருபது ஆண்டுகளில் எத்தனை கம்பிகள் கூடினாலும் மறுசோதனை என்பது பெரும்பாலான வீடுகளில் நடப்பதே இல்லை.

பிற நாடுகள் இதை வெவ்வேறாகத் தீர்த்துள்ளன. ஆஸ்திரேலியாவில் வீட்டு நிலைவயரிங்கை உரிமம் பெற்றவர் மட்டுமே தொடலாம். அண்டையிலுள்ள நியூசிலாந்திலோ, 1992-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, வீட்டுக்காரர் தம் வீட்டு வயரிங்கில் சில வேலைகளைத் தாமே செய்யலாம். ஆனால் மின்னோட்டம் கொடுப்பதற்கு முன் உரிமம் பெற்ற ஆய்வாளர் அதைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 முதல் கட்டட விதிகளின் 'பி' பகுதி வீட்டு மின்வேலையைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஆர்வலரை நம்புவதா என்பதில் இந்நாடுகள் வேறுபடலாம். சோதிக்காத வேலையை நம்புவதில்லை என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

முடிவாக

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் மின்தாக்குதலால் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்கள் அனைவரும் வீட்டு வயரிங்கால் இறந்தவர் அல்லர். ஆனால் வீட்டுக்குள் நேரும் மரணங்கள் தடுக்கக் கூடியவை. தடுக்கும் அறிவும் கருவியும் நம்மிடம் உண்டு.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். மின்சாரத்தில் ஆர்வம் கொள்வது குற்றமன்று. 1.5 வோல்ட் மின்கலத்தோடும் சிறு பல்போடும் எத்தனை சுற்றுகள் வேண்டுமானாலும் அமையுங்கள். அங்கே தவறு செய்தால் பல்பு எரியாது, அவ்வளவுதான். சுவரில் உள்ள 230 வோல்ட்டில் தவறு செய்தாலும் பல்பு எரியும் என்பதே ஆபத்து. அங்கே கம்பியைத் தொடாமலே செய்யத்தக்க நல்ல வேலைகள் உண்டு. எந்தச் சுவிட்சு எந்த எம்.சி.பி.யின் கீழ் வருகிறது என்று வீட்டு வரைபடம் ஒன்று தயாரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை வாட் சுமை உள்ளது என்று கூட்டி, 230-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ஒயர்மேனை அழைக்கும்போது, "எரிகிறதா?" என்று கேட்காமல், நான்கு விடைகளைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எர்த்தின் மின்தடை எத்தனை ஓம்? மெக்கரில் 500 வோல்ட் கொடுத்தபோது காப்பின் மின்தடை குறைந்தது 1 மெகாஓம் உண்டா? எல்லாச் சுவிட்சும் பேஸில் உள்ளனவா? ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லிஆம்பியரில் விழுந்தது? அளக்கும் கருவி கொண்டுவராதவர் உரிமம் உடையவராயினும் வேலையை முடித்தவர் ஆகார்.

இவ்விதழை மூடி வைத்தவுடன் உங்கள் வீட்டு மெயின் போர்டைப் போய்ப் பாருங்கள். 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று தென்படுகிறதா? தென்பட்டால் அழுத்துங்கள், வீடு இருண்டால் அக்கருவி வேலை செய்கிறது. பொத்தானே இல்லையென்றால், அல்லது அழுத்தியும் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கே தகுதியுள்ள ஒருவரை அழைத்து வாருங்கள்.